லீக் கோப்பை வென்ற உதவிப் பயிற்சியாளர் ஆன்ட்ராடேவுக்கு அப்புறம் என்ன ஆனது?

கேள்வி இதுதான்: 2009-ல் ரியோ நகரக் கால்பந்து கிளப்பான ஃபிளமெங்கோவைப் பிரேசில் லீக் சாம்பியனாக்கிய ஆன்ட்ராடே அதுவரை அந்த கிளப்பின் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்குத்தான். அப்படிப்பட்டவரை ஏன் அதற்குப் பிறகு எந்தப் பெரிய கிளப்பும் கூப்பிடவில்லை? பிரேசிலில் உதவிப் பயிற்சியாளராக இருப்பவரின் கதி பொதுவாகவே இப்படித்தானா?

சுருக்கமாகச் சொன்னால், அங்கே உதவிப் பயிற்சியாளர் வேலைதான் நிலையானது. தலைமைப் பயிற்சியாளர் வேலை நிலையற்றது. ஆன்ட்ராடே முதலாவதை விட்டு இரண்டாவதுக்குப் போனார், ஜெயித்தார், ஜெயித்ததாலேயே பழைய நாற்காலிக்குத் திரும்ப முடியாமல் போனார். தேதிகளைப் பாருங்கள். 2009 ஜூலை 23 அன்று முந்தைய கோச் குக்கா நீக்கப்படுகிறார். டிசம்பர் 6 அன்று ஆன்ட்ராடே கையில் கோப்பை. 2010 ஏப்ரல் 23 அன்று அவரும் நீக்கம். ஏறுவதற்கு நான்கரை மாதம், இறங்குவதற்கும் நான்கரை மாதம்.

விவரத்துக்குப் போகுமுன் அங்குள்ள ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரேசில் கிளப்களில் உதவிப் பயிற்சியாளர்கள் இரண்டு வகை. முதல் வகை, தலைமைப் பயிற்சியாளரோடு வந்து அவரோடு போகிறவர். அவருக்கு கிளப் முக்கியமில்லை, தன் ஆள்தான் முக்கியம். இரண்டாவது வகை, கிளப்பின் நிரந்தரப் பயிற்சிக் குழுவில் இருப்பவர். கோச் யார் வந்தாலும் போனாலும் இவர் அங்கேயே இருப்பார். பெரும்பாலும் அதே கிளப்பில் ஆடிப் பேர் வாங்கிய பழைய வீரராக இருப்பார். காலையில் மைதானத்தில் கூம்புகளை அடுக்குவதிலிருந்து, ஆட வாய்ப்புக் கிடைக்காத ரிசர்வ் வீரர்களைத் தனியே ஓட வைப்பது, எதிரணி ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பது, கோபத்தில் இருக்கும் வீரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது வரை எல்லாம் அவர் தலையில்தான் விழும். பத்திரிகையாளர் கூட்டத்துக்கு மட்டும் அவர் வர மாட்டார்.

ஆனால் கோச்சை வெளியே அனுப்பிய மறுநாள் அவரைத்தான் தேடுவார்கள். அடுத்த மேட்ச் மூன்று நாளில் இருக்கும். புது ஆளோடு சம்பளம் பேசி முடிக்கவே ஒரு வாரம் ஆகும். அதுவரை யாராவது பெஞ்சில் நிற்க வேண்டும். வீரர்களின் பெயர், காயம், குணம் எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கூடுதல் சம்பளமும் கேட்க மாட்டார். இரண்டு மேட்ச் நின்றுவிட்டுப் புதியவர் வந்ததும் பழைய இடத்துக்குப் போய்விடுவார். 2009-க்கு முன்பே ஆன்ட்ராடே இப்படிச் சில முறை நின்றிருக்கிறார், திரும்பியும் போயிருக்கிறார்.

ஃபிளமெங்கோவில் இதற்கென்றே ஒரு நீண்ட மரபு உண்டு. அந்த கிளப்பின் பெரிய கோப்பைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும் சம்பளத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த பிரபல கோச்களைவிட வீட்டுக்குள்ளேயே இருந்த ஆட்கள் வாங்கிக் கொடுத்தவை கண்ணில் படும். 1981-ல் நடுக்கள வீரர் பாவ்லோ சீசர் கார்பெஜியானி முழங்கால் பிரச்சினையால் ஆட்டத்தை விட்டு, பயிற்சிக் குழுவில் சேர்ந்து, அதே ஆண்டு நடுவில் 32 வயதில் தலைமைப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டே தென் அமெரிக்க கிளப்களின் பெரிய கோப்பையான கோபா லிபர்டடோரெஸ், டிசம்பரில் டோக்கியோவில் லிவர்பூலை 3-0 என்று வீழ்த்திய உலக கிளப் பட்டம். முந்தைய ஆண்டுவரை தங்களோடு உடை மாற்றிக்கொண்டிருந்தவருக்குக் கீழே அணியின் நட்சத்திரம் ஜீக்கோவும் மற்றவர்களும் ஆடினார்கள்.

அடுத்து கார்லின்யோஸ். அறுபதுகளில் ஃபிளமெங்கோவின் நடுக்களத்தில் ஆடியவர். ஆட்டம் அவ்வளவு நளினமாக இருந்ததால் 'வயலின்' என்றே பட்டப்பெயர். 1970-ல் விடைபெற்றபோது தன் பூட்ஸை ஒரு பதின்வயதுப் பையனிடம் கொடுத்தார். அந்தப் பையன்தான் ஜீக்கோ. (2015 ஐஎஸ்எல் ஃபைனலில் சென்னையின் எஃப்சிக்கு எதிரே கோவா அணியின் பெஞ்சில் நின்றாரே, அதே ஜீக்கோ.) பிற்காலத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் கிளம்பும்போதெல்லாம் கார்லின்யோஸைக் கூப்பிடுவது ஃபிளமெங்கோவுக்கு வழக்கமாகிப்போனது. 1987-லும் 1992-லும் அவர் பொறுப்பில்தான் கிளப் தேசியப் பட்டம் வென்றது. 1987 பட்டம் யாருக்கு என்பதில் ஸ்போர்ட் ரெசிஃபே கிளப்போடு பெரிய வழக்கே நடந்தது, பிரேசில் கால்பந்து சம்மேளனமான சிபிஎஃப் ஸ்போர்ட்டைத்தான் சாம்பியன் என்கிறது. அந்தச் சண்டைக்குள் போனால் இந்தப் பதில் முடியாது. நமக்கு வேண்டியது வேறு விஷயம். கார்லின்யோஸைத் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள், திரும்பத் திரும்ப இறக்கினார்கள், அவரும் அலட்டிக்கொள்ளாமல் வந்து போனார்.

1981-ல் கார்பெஜியானிக்குக் கீழேயும் 1987-ல் கார்லின்யோஸுக்குக் கீழேயும் நடுக்களத்தில் ஆடியவர்தான் ஆன்ட்ராடே. இந்த வழக்கம் எப்படி நடக்கும் என்பதை வீரராக உள்ளிருந்து பார்த்தவர்.

அவர் பிறந்தது 1957-ல், மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் ஜுயிஸ் டி ஃபோரா நகரில். சிறு வயதிலேயே ரியோவுக்கு வந்து ஃபிளமெங்கோவில் சேர்ந்தவர். ஆன்ட்ராடே, அடிலியோ, ஜீக்கோ என்ற அந்த மூவர் நடுக்களத்தை ரியோவில் வயதானவர்கள் இன்றும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதில் பந்தைப் பறித்துக் கொடுக்கும் வேலை இவருடையது. பறித்த பந்தை அவசரமாக உதைக்காமல் தலை நிமிர்த்தி நிதானமாகக் கொடுப்பார். 6-ஆம் எண் சட்டை. அந்த எண்ணோடு சேர்ந்த ஒரு கோலும் உண்டு. 1972-ல் ரியோவின் இன்னொரு கிளப்பான போட்டாஃபோகோ ஃபிளமெங்கோவை 6-0 என்று அடித்திருந்தது. ஒன்பது ஆண்டுகளாக அதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் செய்தார்கள். 1981 நவம்பரில் ஃபிளமெங்கோ திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. 5-0 ஆன பிறகும் மரக்கானா மைதானக் கூட்டத்துக்குப் போதவில்லை, இன்னும் ஒன்று வேண்டும் என்று கத்திக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கையில் ஆறாவதை அடித்தவர், அதிகம் கோல் அடிக்காத ஆன்ட்ராடே. அந்த ஒரு கோலுக்காகவே ஃபிளமெங்கோ ரசிகர்கள் அவருக்கு ஆயுள் முழுக்க டீ வாங்கிக் கொடுப்பார்கள். பின்னர் ரோமாவில் ஒரு சீசன், 1988 ஒலிம்பிக்கில் வெள்ளி, 1989-ல் வாஸ்கோவோடு இன்னொரு லீக் பட்டம்.

சரி, 2009-க்கு வருவோம். குக்கா போனபோது அணி பட்டியலின் நடுவில் எங்கோ கிடந்தது. முதல் ஆட்டமே சான்டோஸின் மைதானமான விலா பெல்மிரோவில். ஃபிளமெங்கோவுக்கு அது ராசியில்லாத இடம். அதற்கு இரண்டு நாள் முன்பு, 1987 அணியின் கோல்கீப்பராக இருந்த ஜெ கார்லோஸ் புற்றுநோயால் இறந்துபோனார். ஃபிளமெங்கோ 2-1 என்று வென்றது. மைதானத்திலேயே மைக்கை நீட்டியபோது ஆன்ட்ராடேவால் பேச முடியவில்லை. இறந்த நண்பனுக்கு இந்த வெற்றி என்று சொல்ல வந்து அழுதுவிட்டார். அதிகம் பேசாத மனிதர் டிவியில் அப்படி உடைந்ததை நாடே பார்த்தது. டிரெஸ்ஸிங் ரூமும் பார்த்தது. அணி அவருக்காக ஓட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான் என்பது என் கணிப்பு.

அணியில் இருந்தவர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அட்ரியானோ: இன்டர் மிலானை விட்டு, கால்பந்தே வேண்டாம் என்ற மனநிலையில் ரியோ திரும்பியவர். பயிற்சிக்கு வருவாரா மாட்டாரா என்று காலையில்தான் தெரியும். பெட்கோவிச்: செர்பியக்காரர், அந்த செப்டம்பரில் 37 வயது. கிளப் அவருக்கு வைத்திருந்த பழைய சம்பளப் பாக்கியைத் தீர்க்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியாகத்தான் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். குக்காவின் காலத்தில் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருந்தார். இந்த இருவரை வைத்துக்கொண்டு ஒரு கோச் இரண்டில் ஒன்று செய்யலாம்: ஒழுங்கு பேசி விரட்டலாம், அல்லது என்ன கிடைக்குமோ அதை வாங்கிக்கொள்ளலாம். ஆன்ட்ராடே இரண்டாவதைச் செய்தார். பெட்கோவிச்சை நடுவில் போட்டு, அவர் ஓட வேண்டிய ஓட்டத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். தானே ஒரு காலத்தில் ஜீக்கோவுக்குப் பின்னால் நின்று பந்து பறித்தவர், அந்தக் கணக்கு அவருக்குப் புதிதில்லை. சிலி நாட்டு மால்டொனாடோவும் சென்டர் பேக் ஆல்வரோவும் சீசன் நடுவில் வந்து சேர்ந்தது பெரிய உதவி.

பலன் சீக்கிரம் தெரிந்தது. அக்டோபரில் அப்போது முதலிடத்திலிருந்த பால்மெய்ராஸை அவர்கள் இடத்திலேயே 2-0 என்று சாய்த்தார்கள். இரண்டு கோலும் பெட்கோவிச். அதில் ஒன்று கார்னரிலிருந்து நேராக வலைக்குள் போனது. மூன்று வாரம் கழித்து பெலோ ஹொரிசோன்டியில் அட்லெடிகோ மினெய்ரோவுக்கு எதிராகவும் அதே மாதிரி கார்னரிலிருந்து நேரடி கோல். ஒரு சீசனில் ஒருவர் ஒருமுறை அடித்தாலே அதிசயம். அட்ரியானோ 19 கோல் அடித்து, டியேகோ டார்டெல்லியோடு சேர்ந்து அதிக கோல் அடித்தவரானார்.

38 சுற்று லீக்கில் ஃபிளமெங்கோ முதன்முதலாக முதலிடத்துக்கு வந்தது 37-ஆவது சுற்றில். அதுவரை மற்றவர்கள் ஒருவரையொருவர் தட்டிவிட்டுக்கொண்டார்கள். கடைசி நாளில் நான்கு அணிகளுக்கு வாய்ப்பு இருந்தது: ஃபிளமெங்கோ 64 புள்ளி, இன்டர்நாசியோனல், பால்மெய்ராஸ், சாவ் பாலோ தலா 62. ஃபிளமெங்கோவுக்கு மரக்கானாவில் கிரெமியோவோடு ஆட்டம். இங்கே ஒரு வேடிக்கை. கிரெமியோ ஜெயித்தால் லாபம் அதன் பரம எதிரியான இன்டர்நாசியோனலுக்கு. அதனால் கிரெமியோ ரசிகர்களே தங்கள் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் இல்லாத அணிதான் இறங்கியது. அந்த அணியே முதல் கோலைப் போட்டுவிட்டது! டேவிட் சமன் செய்தார். இரண்டாவது பாதியில், பெட்கோவிச் கார்னர் அடிக்க, சென்டர் பேக் ரொனால்டோ அன்ஜெலிம் தலையால் முட்டி 2-1. பதினேழு ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டம். 20 அணி லீக்கில் 67 புள்ளியோடு எந்த அணியும் அதற்குமுன் சாம்பியன் ஆனதில்லை, அவ்வளவு குறைவு. இந்த 67 என்ற எண்ணைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே அவர்மேல் குற்றச்சாட்டாக வந்தது.

பிரேசில் லீக்கை வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர் ஆன்ட்ராடே. பெலே, டிடி, கர்ரின்ச்சா பிறந்த நாட்டில் இது 2009 வரை நடக்கவில்லை.

2010 எப்படிப் போனது? மேலோட்டமாகப் பார்த்தால் மோசமில்லை. அட்ரியானோவோடு வாக்னர் லவ்வும் சேர்ந்தார், கோல்கள் குவிந்தன. ஆனால் அட்ரியானோ பயிற்சிக்கு வராத நாட்கள் செய்தியாகின. போன ஆண்டு 'வீரர்களைப் புரிந்துகொள்ளும் கோச்' என்று பாராட்டியவர்களே 'கட்டுப்படுத்தத் தெரியாதவர்' என்று எழுத ஆரம்பித்தார்கள். மனிதர் மாறவில்லை, முடிவுகள்தான் மாறின. கிளப்புக்குள் தலைமையும் மாறியிருந்தது: புது நிர்வாகத்துக்கு இவர் பழைய நிர்வாகம் விட்டுப்போன ஆள். ஏப்ரல் 18 அன்று ரியோ மாநிலப் போட்டியின் தீர்மான ஆட்டத்தில் போட்டாஃபோகோவிடம் 2-1 தோல்வி. உருகுவே வீரர் லோகோ அப்ரேயு பெனால்ட்டியைச் சும்மா அலுங்காமல் நடுவில் தூக்கிப் போட்டாரே, அந்த ஆட்டம்தான். அதே ஆட்டத்தில் அட்ரியானோவின் பெனால்ட்டி தடுக்கப்பட்டது. லிபர்டடோரெஸில் அணி அடுத்த சுற்றுக்குத் தொத்திக்கொண்டுதான் போனது. போட்டாஃபோகோ தோல்விக்கு ஐந்து நாள் கழித்து ஆன்ட்ராடேவை அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குப் பதில் யார் வந்தார்? உள்ளேயே இருந்த ரோஜேரியோ லௌரென்சோ. அதே பழைய வழி! ஆகஸ்டில் அவரும் போனார். அப்புறம் சிலாஸ், அப்புறம் லுக்செம்புர்கோ. ஒரே ஆண்டில் நால்வர், லீக்கில் 14-ஆவது இடம். இதைப் பார்த்தபிறகும் பிரச்சினை ஆன்ட்ராடேவிடம்தான் இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் கேள்வியின் மையம்: ஏன் மற்றவர்கள் கூப்பிடவில்லை? பிரசிலியென்ஸ், பைசாண்டு, அப்புறம் சிறு கிளப்கள் என்று போனார். முதல் டிவிஷனில் ஒரு நல்ல வாய்ப்பு வரவே இல்லை.

முதல் காரணம் அந்த 67. 'மற்றவர்கள் தோற்றதால் ஜெயித்தார்', 'அட்ரியானோவும் பெட்கோவிச்சும் ஜெயித்தார்கள், இவர் பக்கத்தில் நின்றார்' என்ற பேச்சு. இடைக்காலமாக வந்து ஜெயித்தவரை இப்படித்தான் எடை போடுவார்கள். ஒரு பிரபல கோச் அதே 67 புள்ளியோடு ஜெயித்திருந்தால் 'அனுபவத்தால் இழுத்துக்கொண்டு வந்தார்' என்றிருப்பார்கள்.

இரண்டாவது, அவருக்கென்று ஆட்கள் இல்லை. பிரேசிலில் ஒரு பெரிய கோச்சை எடுத்தால் அவரோடு உதவியாளர், உடற்பயிற்சி ஆள், ஆட்டங்களை அலசுபவர் என்று ஒரு குழுவே வரும். பின்னால் ஒரு ஏஜென்ட் இருந்து அடுத்த வேலைக்குப் பேசிக்கொண்டே இருப்பார். கிளப்புக்குள்ளேயே வருடக்கணக்கில் இருந்த உதவிப் பயிற்சியாளருக்கு இதெல்லாம் சேர வழியில்லை. வெளியே வந்ததும் தனி மரமாக நிற்கிறார்.

மூன்றாவது, நிறம். இதைத் தவிர்த்துவிட்டு ஆன்ட்ராடே கதையைச் சொல்ல முடியாது. வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவராகவும் கலப்பினத்தவராகவும் இருக்கும் ஒரு ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் மட்டும் அவர்கள் தென்படுவதில்லை. 2019 அக்டோபரில் மரக்கானாவில் ஃப்ளூமினென்சே–பாஹியா ஆட்டம் நடந்தபோது, அன்றைக்கு முதல் டிவிஷனில் இருந்த இரண்டே கறுப்பினப் பயிற்சியாளர்கள் அந்த இருபக்க பெஞ்சிலும் நின்றார்கள் என்பதே தலைப்புச் செய்தியானது. பாஹியாவின் ரோஜர் மச்சாடோ ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்களிடம், இரண்டு பேர் நிற்பதைக் கொண்டாடுவதற்குப் பதில் ஏன் இரண்டு பேர்தான் என்று கேளுங்கள் என்கிற பொருளில் நீண்ட நேரம் பேசினார். பிரேசில் சமூகத்தின் அடித்தளத்திலேயே இனவெறி இருக்கிறது என்றார். எதிர்ப் பக்கம் நின்ற மார்க்காவ் யார் தெரியுமா? ஃப்ளூமினென்சேயின் நிரந்தர உதவிப் பயிற்சியாளர், இடைக்காலமாக நின்றவர்.

ஆன்ட்ராடேவுக்கு வேலை கிடைக்காததற்கு நிறம் மட்டுமே காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொரிந்தியன்ஸின் உதவிப் பயிற்சியாளராக 2009 முதல் இருந்த ஃபாபியோ கரில்லே 2017-ல் தலைமைக்கு வந்தார். சாவ் பாலோ மாநிலத்தின் நான்காவது அணி என்று கேலி செய்யப்பட்ட கொரிந்தியன்ஸ், லீக்கின் முதல் பாதி 19 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் 47 புள்ளி எடுத்து, கடைசியில் சாம்பியனும் ஆனது. கரில்லேக்கு அதற்குப் பிறகு சவுதி, ஜப்பான், சான்டோஸ், வாஸ்கோ என்று வேலை வந்துகொண்டே இருந்தது. அவர் வெள்ளையர். ஆனால் அவர் மூன்று மாநிலப் பட்டங்களும் வென்றவர், நீண்ட நாள் நிலைத்து நின்றவர். அதனால் ஒப்பீடு சரிசமமானது இல்லை. இருந்தாலும் லீக் சாம்பியன் ஒருவருக்கு முதல் டிவிஷனில் இரண்டாவது வாய்ப்பு ஒன்றுகூட வராதது விசித்திரம்தான், அதை வெறும் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

உதவிப் பயிற்சியாளர் எல்லாருக்கும் இதே கதிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆன்ட்ராடேவுக்கு நான்கு ஆண்டு கழித்து அதே ஃபிளமெங்கோவில் ஜைமி டி அல்மெய்டாவுக்கு நடந்ததைப் பாருங்கள். அவரும் பழைய வீரர்; அவருடைய அப்பாவும் 1940-களில் ஃபிளமெங்கோவுக்கு ஆடியவர். 2013 செப்டம்பரில் அட்லெடிகோ பரனேன்சேவிடம் 4-2 என்று தோற்றதும் மானோ மெனேசஸ் தானே விலகிக்கொண்டார். உதவியாளர் ஜைமி வந்தார். இரண்டு மாதத்தில் நாக் அவுட் போட்டியான பிரேசில் கோப்பை. ஃபைனலில் வீழ்த்தியது அதே பரனேன்சேயை. 2014 ஏப்ரலில் மாநிலப் பட்டமும் வென்றார். மே மாதம் நீக்கம். கறிவேப்பிலை போல மணத்துக்குப் போட்டு, சாப்பிடும்போது ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் ஜைமி ஒன்று செய்தார்: கொஞ்ச நாளில் திரும்பவும் உதவிப் பயிற்சியாளராகவே ஃபிளமெங்கோவுக்கு வந்து சேர்ந்தார், இடையிடையே பெஞ்சிலும் நின்றார். பட்டம் வென்ற கையோடு கீழே இறங்கி உட்கார ஒரு மனசு வேண்டும். எல்லாருக்கும் அது வாய்க்காது, வாய்க்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

மார்க்காவ் இதையே ஒரு தொழிலாக்கிக்கொண்டவர். 2019-ல் ஃப்ளூமினென்சேயை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் காப்பாற்றினார். அடுத்த ஆண்டுக்கு ஒடேர் ஹெல்மான் வந்தார், இவர் உதவியாளராகத் திரும்பினார். 2020 சீசன் நடுவில் ஹெல்மான் வளைகுடா நாட்டுக்குப் போக, மார்க்காவ் அணியை ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுபோய் லிபர்டடோரெஸில் சேர்த்தார். பரிசு? அடுத்த சீசனுக்கு ரோஜர் மச்சாடோவை எடுத்தார்கள். ஆமாம், அன்று எதிர் பெஞ்சில் நின்றவரேதான். 2021 ஆகஸ்டில் ரோஜர் நீக்கம், திரும்பவும் மார்க்காவ், ஏழாவது இடம், திரும்பவும் லிபர்டடோரெஸ். 2022-க்கு ஆபெல் பிராகா வந்தார். இவர் பழைய நாற்காலிக்குப் போனார். வெளியிலிருந்து பார்த்தால் அவமானமாகத் தெரியும். ஆனால் அந்த ஆண்டுகளில் வந்துபோன கோச்களில் ஒருவரும் அவரளவு அங்கே நீடிக்கவில்லை.

கோச்சோடு வந்து கோச்சோடு போகும் முதல் வகைக்காரர்களின் கணக்கு வேறு. ஃபிளாவியோ டெய்ஷெய்ரா என்றால் யாருக்கும் தெரியாது. முர்டோசா என்றால் தெரியும், பெரிய மீசைக்காரர், கோச் ஸ்கொலாரி பக்கத்தில் எப்போதும் இருப்பவர். கிரெமியோ, பால்மெய்ராஸ், 2002 உலகக் கோப்பை வென்ற பிரேசில், போர்ச்சுகல், செல்சி, உஸ்பெகிஸ்தானின் புன்யோட்கோர், 2014-ல் ஜெர்மனியிடம் 7-1 வாங்கிய பிரேசில் என்று எல்லா இடத்துக்கும் கூடவே போனார். தனியாக நின்றதும் உண்டு: 2000-ல் ஸ்கொலாரி பால்மெய்ராஸை விட்டுப் போனதும் முர்டோசா பொறுப்பேற்று 'சாம்பியன்கள் கோப்பை' என்ற போட்டியை வென்று கொடுத்தார். 2007-ல் செர்பியா ஆட்டத்தில் எதிரணி வீரரை அடிக்கப் பாய்ந்ததற்காக ஸ்கொலாரிக்குத் தடை விழுந்தபோது, அஜர்பைஜான், கஜகஸ்தான், ஆர்மேனியா ஆட்டங்களில் போர்ச்சுகல் பெஞ்சில் நின்றது இவர்தான். மூன்றிலும் வெற்றி. பிறகு அவர் பாட்டுக்குத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

கிளெபர் சேவியர் அப்படி இருக்க விரும்பவில்லை. 2001-ல் கிரெமியோவிலிருந்து கோச் டிட்டேயோடு இருபதாண்டுக்கு மேல், இரண்டு உலகக் கோப்பைகளிலும் உடனிருந்தவர். 2025 ஏப்ரல் கடைசியில், அறுபது தாண்டிய வயதில், முதன்முறையாகத் தலைமைப் பயிற்சியாளராகச் சான்டோஸுக்குப் போனார். ஆகஸ்டில் வாஸ்கோவிடம் 6-0 தோல்வி. நெய்மார் மைதானத்தில் அழுதது உலகமெல்லாம் ஓடியது. அன்றே கிளெபரின் வேலை போனதை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இந்த நாற்காலி ஆட்டத்தைக் குறைக்க 2021-ல் சிபிஎஃப் ஒரு விதி கொண்டுவந்தது: லீக் சீசனில் ஒரு கிளப் ஒரு கோச்சைத்தான் நீக்கலாம். இரண்டாவது முறை நீக்கினால், குறைந்தது ஆறு மாதமாக கிளப்பிலேயே வேலை பார்க்கும் ஒருவரைத்தான் அந்த இடத்தில் வைக்க வேண்டும். அதாவது நிரந்தர உதவிப் பயிற்சியாளரை. இவ்வளவு நாள் சும்மா வழக்கமாக இருந்ததை விதிப்புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள்! கிளப்களா விடுவார்கள்? 'பரஸ்பர சம்மதத்தோடு பிரிகிறோம்' என்று அறிவித்துவிட்டால் அது நீக்கம் இல்லையே. அடுத்த ஆண்டே விதியைத் தூக்கிவிட்டார்கள்.

ஃபிளமெங்கோ மட்டும் மாறவில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் டிட்டேயை அனுப்பிவிட்டு, இளைஞர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த முன்னாள் வீரர் ஃபிலிபே லூயிஸை ஏற்றினார்கள். ஆறு வாரத்தில் பிரேசில் கோப்பை, 2025-ல் லிபர்டடோரெஸும் லீக்கும். ஆன்ட்ராடே காலத்தோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உண்டு: ஃபிலிபே லூயிஸ் ஐரோப்பாவில் நீண்ட காலம் ஆடிப் பெயரெடுத்தவர், பத்திரிகையாளர்களிடம் மணிக்கணக்கில் தந்திரம் விளக்கக்கூடியவர். ஆன்ட்ராடே அப்படிப் பேசியதில்லை. இன்றைய கால்பந்தில் அது சின்ன விஷயமில்லை.

ஆட்டங்களைத் தேடிப் பார்க்க நினைத்தால் கிரெமியோ ஆட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். அது பதற்றம் நிறைந்த, ஆனால் சுமாரான ஆட்டம். அக்டோபர் 18 பால்மெய்ராஸ் ஆட்டத்தைப் பாருங்கள். பெட்கோவிச்சிடம் பந்து வரும்போது மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். அந்தக் கிழவர் ஓடாமல் ஆட வேண்டும் என்றால் சுற்றியிருப்பவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.